படகுத்துறைப் பலகையும் படகின் சாய்வும்: ஏரிச் சுற்றுலாவில் விதி யாருக்கு?

தமிழ்நாட்டில் ஏரி என்ற சொல் நெடுங்காலமாகப் பாசனத்தையே குறித்து வந்தது. கரை, நீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கல் என்ற மூன்றும் சேர்ந்த அமைப்பாகவே அது கருதப்பட்டது. மக்கள் பொழுதுபோக்கச் சென்று படகு ஏறும் இடம் என்ற பொருள் அச்சொல்லோடு சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலைவாழிடங்களில்தான். 1820-களில் ஜான் சல்லிவன் உதகமண்டலத்திலும், 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் கொடைக்கானலிலும் உருவாக்கிய ஏரிகள் இவ்வகைக்கு முன்னோடிகள். கொடைக்கானலில் 1890-இல் படகுக் குழாமும் அமைந்தது. அதன்பின் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்களும், முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளும் ஒவ்வொன்றாகச் சுற்றுலாத் தலங்களாயின. இவற்றுள் பெரும்பாலானவை பார்வையாளரை எண்ணி அமைக்கப்பட்டவை அல்ல என்பதும், பாதுகாப்பு விதிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்பதும் இந்த ஆய்வின் தொடக்கத்திலேயே கருத வேண்டியவை.

அவ்வாறு ஒட்டிக்கொண்ட விதிகள் பெரும்பாலும் ஒரு பலகையில் அடங்கிவிடுகின்றன. படகில் எழுந்து நிற்கக் கூடாது, ஒரே பக்கமாகச் சாயக் கூடாது, மது அருந்தி வரக் கூடாது, ஏரியில் இறங்கிக் குளிக்கக் கூடாது, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படகு இல்லத்தின் வாசலில் எழுதப்பட்டிருப்பவை யாவும் பயணியை நோக்கிப் பேசுகின்றன. அந்தப் படகு எத்தனை பேரை ஏற்றலாம், அதைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள், காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் சவாரி நிறுத்தப்படும் என்பவற்றை அதே பலகை சொல்வது அரிது. நேர்ந்த விபத்துகளின் வரலாற்றைப் பார்த்தாலோ, உயிரிழப்பை முடிவு செய்தவை பெரும்பாலும் பலகை பேசாத இந்த இரண்டாம் வகைச் செய்திகளே என்பது தெரிகிறது.

கடந்த இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிகழ்வுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. 2002 ஜூலை 27 அன்று கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் முஹம்மாவிலிருந்து குமரகம் சென்ற பயணியர் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் சுற்றுலா வந்த பள்ளி மாணவர்கள் 15 பேரும் ஆசிரியர்கள் மூவரும் பெரியாற்றில் மாண்டனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டைத் தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணத்துக்கு அமர்த்தப்பட்ட மீன்பிடிப் படகு கவிழ்ந்ததில் 22 பேரும், 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தின் தானூரில் 22 பேரும், 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தனர். பண்டிகை, விடுமுறை, பள்ளிச் சுற்றுலா என்று கூட்டம் மிகும் நாட்கள் இப்பட்டியலில் திரும்பத் திரும்ப வருகின்றன. புயலோ பெருவெள்ளமோ காரணமாக அமையவில்லை.

அமைதியான நீரில் ஒரு படகு ஏன் கவிழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். படகு, எந்திரம், பயணிகள் அனைவரின் எடையும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி அழுத்துவதாகக் கொண்டால் அப்புள்ளி ஈர்ப்பு மையம். படகின் அடிப்பகுதி ஒதுக்கித் தள்ளிய நீர் அதை மேல்நோக்கித் தாங்கும் புள்ளி மிதப்பு மையம். படகு சற்றே சாயும்போது நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையமும் சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கி இழுத்த கோடு படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தைக் கப்பற் பொறியியலில் மெட்டாசென்டர் என்பர். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை சாய்ந்த படகு தானே நிமிரும்; மேலே போய்விட்டால் சாய்வு கூடிக்கொண்டே செல்லும். இரண்டுக்கும் இடையிலான தூரமே படகின் நிலைப்பாட்டுக்கு அளவுகோல்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பயணிகளோடு சேர்த்து 20 டன் எடையுள்ள ஒரு படகில் 60 கிலோ வீதம் 80 பேர் இருப்பதாகவும், மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்கு 1 மீட்டர் மேலே இருப்பதாகவும் கொள்வோமானால், அந்த 80 பேரும் ஒரே பக்கமாக 1 மீட்டர் நகரும்போது படகு ஏறத்தாழ 13 பாகை சாயும். பயணிகள் அலறுவார்கள், ஆனால் படகு நிற்கும். அதே படகில் பாதிப்பேர் மேல்தளத்துக்கு ஏறியதால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, இடைவெளி அரை மீட்டராகக் குறைந்தால், அதே நகர்வு படகை ஏறத்தாழ 26 பாகை சாய்க்கும். தாழ்ந்த பக்கத்தின் விளிம்பு நீரைத் தொடுவதற்கு அவ்வளவு சாய்வே பல படகுகளுக்கு மிகுதி. உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடித் தேங்குவதும், இருக்கையிலிருந்து சரிந்தவர்கள் அதே பக்கத்தில் குவிவதும் அடுத்த சில நொடிகளில் நடந்துவிடும். நிற்காதீர்கள் என்று அறிவிப்பதற்கான நேரம் அந்த நொடிகளில் இல்லை.

தேக்கடி நிகழ்வு இந்தக் கணக்கின் நேரடிச் சான்றாகப் பேசப்பட்டு வருகிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டபோது உருவான அந்த நீர்த்தேக்கத்தின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்து தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் புலிகள் காப்பகம். கரைக்கு நீர் குடிக்க வரும் யானையையும் காட்டெருமையையும் பார்ப்பதற்காகவே அங்கே மக்கள் படகு ஏறுகின்றனர். அளவுக்கு மீறிய ஆட்களுடன் சென்ற படகில், கரையில் விலங்குகளைக் கண்டவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததே படகு கவிழக் காரணம் என்று அப்போது பரவலாகக் கூறப்பட்டது. இங்கே பயணிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் யானையைக் காட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, யானை வந்ததும் திரும்பிப் பார்க்காதே என்று எதிர்பார்க்கும் விதி, விதி என்ற பெயருக்கே பொருந்தாது. அப்படி ஒரு நீரில் ஓடும் படகு, அனைவரும் ஒரு பக்கத்துக்கு வந்துவிடுவார்கள் என்ற முன்முடிவோடுதான் வடிவமைக்கப்பட வேண்டும். கப்பற் பொறியியலில் பயணியர் கலங்களுக்கான நிலைப்பாட்டுச் சோதனைகள் இதைப் பயணிகள் ஒரு பக்கம் திரளும் நிலை என்றே கணக்கில் கொள்கின்றன. தேக்கடியில் பின்னர் ஒவ்வொரு பயணியும் லைஃப் ஜாக்கெட் அணிவது கட்டாயமானது.

எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் பார்ப்பதற்குத் தோன்றும் அளவு எளிய செய்தி அன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஏரியில் 2005 அக்டோபர் 2 அன்று ‘ஈத்தன் ஆலன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து, அதில் இருந்த 48 பேரில் 20 பேர் இறந்தனர். இங்கே எண்ணிக்கை மீறப்படவே இல்லை. படகுக்கு அனுமதிக்கப்பட்டிருந்ததே 48 பேர்தான். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, அனுமதி கணக்கிடப்பட்ட முறையிலேயே பிழை இருந்தது தெரியவந்தது. ஒரு பயணியின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 64 கிலோ, என்ற பழைய அனுமானம் அதற்கு அடிப்படையாக இருந்தது. அன்று பயணம் செய்த முதியவர்கள் அதைவிட மிகவும் கனமானவர்கள்; படகின் மேலே இடையில் ஒரு மரக் கூரையும் சேர்க்கப்பட்டிருந்தது, அதன்பின் நிலைப்பாடு மறுபடி சோதிக்கப்படவில்லை. அந்தப் படகில் 14 பேருக்கு மேல் ஏற்றியிருக்கவே கூடாது என்று வாரியம் முடிவு செய்தது. பின்னர் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தனது பொது விதியில் பயணியின் சராசரி எடையை 160 பவுண்டிலிருந்து 185 பவுண்டாக உயர்த்தியபோது, பல படகுகளின் இருக்கை எண்ணிக்கை ஒரே நாளில் குறைந்தது. படகின் பக்கவாட்டில் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்ணும் ஒரு கணிப்பே. அதன் பின்னால் உள்ள அனுமானங்கள் பழையதாகிப் போகக்கூடும்.

தென்னிந்தியப் படகுத்துறைகளில் இந்த எண் கரைந்துபோகும் விதம் வேறு. பயணிகளின் எண்ணிக்கை டிக்கெட்டைக் கொண்டு அறியப்படும் இடங்களில், கட்டணமில்லாத சிறு குழந்தை கணக்கில் வருவதில்லை. மடியில் இருப்பது எடையாகக் கருதப்படுவதும் இல்லை. பத்துப்பேர் கொண்ட குடும்பத்தில் எட்டுப்பேருக்கு இடம் இருக்கும்போது, மிச்சம் இரண்டு பேரை அடுத்த படகுக்கு நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வராது. நெருக்கி உட்காருங்கள் என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். வரிசை நீண்டு, வெயில் ஏறி, கடைசிச் சவாரிக்கு நேரமாகும்போது இந்த நெருக்கம் இன்னும் கூடும். ஆகவே கூட்டத்தைப் படகுத்துறையில் வந்து நின்றபின் கட்டுப்படுத்த முயல்வது காலம் கடந்த முயற்சி. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதும், 2025 ஏப்ரல் முதல் நாள் ஒன்றுக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டதும் மலையின் தாங்குதிறனைக் கருதி எடுக்கப்பட்ட நடவடிக்கைகள். தாங்குதிறன் என்பது ஓரிடம் சிதையாமல் ஏற்கக்கூடிய மக்களின் அளவு. படகுப் பாதுகாப்பு அந்த வழக்கின் பொருள் அன்று. எனினும் ஏரிக்கரையின் வரிசை மலையடிவாரத்திலேயே சுருங்குவது படகுத்துறைக்கும் ஒரு வகையில் உதவியே.

படகின் உறுதியைச் சட்டம் எவ்வாறு கையாளுகிறது என்பது அடுத்த வினா. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எந்திரத்தால் இயங்கும் ஒவ்வொரு கலத்துக்கும் சர்வே சான்றிதழ், பதிவு, தகுதிச் சான்று பெற்ற பணியாளர்கள், காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. சர்வே என்பது இங்கே நிலத்தை அளப்பதைக் குறிப்பதன்று. தகுதி பெற்ற அலுவலர் கலத்தின் உடல், எந்திரம், மீட்புக் கருவிகள் முதலியவற்றைச் சோதித்து, அது எந்த நீரில் எத்தனை பேருடன் ஓடலாம் என்று சான்றளிப்பதாகும். எந்திரமில்லாக் கலங்களைப் பதிவேட்டில் சேர்க்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளிடம் விடப்பட்டுள்ளது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. தானூரில் கவிழ்ந்ததோ மீன்பிடிக் கலத்தை உருமாற்றிச் செய்த உல்லாசப் படகு. பொழுது சாய்ந்த பின்னும் அளவுக்கு மிஞ்சிய ஆட்களுடன் அது ஓடியது. மீன்பிடிக் கலத்தில் கனம் அடித்தளத்தில் இருக்கும், மீனும் ஐஸும் வலையும் கீழே கிடக்கும். அதன்மீது ஒரு மேல்தளம் கட்டி மனிதர்களை ஏற்றினால் அதன் ஈர்ப்பு மையம் முன்பு எண்ணப்படாத உயரத்துக்குப் போய்விடும். பழவேற்காட்டிலும் மீன்பிடிப் படகே சுற்றுலாவுக்குப் பயன்பட்டது. மீனவருக்கு அந்தக் கழியும் அதன் முகத்துவாரமும் உள்ளங்கைபோல் பழக்கம்தான். பழக்கமில்லாதவை ஏறி அமரும் கூட்டமும் அதன் அசைவும்.

லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேசும்போது அதை அணிவது, அணியாதது என்ற அளவில் பேச்சு நின்றுவிடுவது வழக்கம். நீரில் ஒருவருடைய தலையை மேலே நிறுத்துவதற்குப் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ அளவு மிதப்பு விசை போதும். பன்னாட்டுத் தர அளவுகளில் இந்த விசை நியூட்டன் என்ற அலகில் சொல்லப்படுகிறது. 50 நியூட்டன் வகை, நீந்தத் தெரிந்தவருக்கு உதவும் மிதவை மட்டுமே. நினைவிழந்தவரை முகம் மேல்நோக்கித் திருப்பும் திறன் அதற்கு இல்லை. அமைதியான நீருக்கு 100 நியூட்டன், திறந்த கடலுக்கு 150 நியூட்டன் என்று அடுத்த நிலைகள் அமைகின்றன. இந்த வேறுபாட்டைவிடவும் முதன்மையானது அளவு. பெரியவருக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி, வாரை இறுக்கி விட்டாலும், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் அது காதுவரை ஏறி வந்துவிடும். நீரில் விழும்போது ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவும். கால்களுக்கு இடையே செல்லும் வார் இதைத் தடுப்பதற்கென்றே உள்ளது. அடுக்கில் கிடக்கும் ஜாக்கெட்டுகளில் அந்த வார் அறுந்திருப்பதும், பிளாஸ்டிக் கொக்கி பாதி உடைந்திருப்பதும், நனைந்த துணியின் வாடைக்கு அஞ்சிப் பலர் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்வதும் படகு இல்லங்களில் காணக்கூடிய காட்சிகள். ஹர்ணி ஏரியில் குழந்தைகள் பலர் ஜாக்கெட் இல்லாமலே ஏற்றப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் படகு விபத்துகளில் மூழ்கி இறப்போரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் ஜாக்கெட் அணியாதவர்களே என்று அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன.

ஆயினும் ஜாக்கெட்டும் படகின் அமைப்பைச் சார்ந்தே பயன் தரும். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாமில்டன் ஏரியில் 1999-இல் நிலத்திலும் நீரிலும் ஓடும் ஒரு சுற்றுலா வண்டி மூழ்கி 13 பேர் இறந்தபோது, மேலே போடப்பட்டிருந்த கூரையே பலரை உள்ளே அடைத்துவிட்டது என்று கண்டறியப்பட்டது. மூழ்கும் கலத்தின் கூரைக்கு அடியில் ஜாக்கெட் அணிந்தவர் மேல்நோக்கி உந்தப்பட்டு அங்கேயே சிக்கிக்கொள்வார், கீழே குனிந்து பக்கவாட்டில் வெளியேற முடியாது. அத்தகைய வண்டிகளின் கூரைகளை அகற்றும்படி போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விசாரணைக்குப் பின் பரிந்துரைத்தது. 2018 ஜூலை 19 அன்று மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில் அதே வகை வண்டி, அதே வகைக் கூரையுடன், பக்கத் திரைகளும் மூடப்பட்ட நிலையில் புயற்காற்றில் மூழ்கி, அதிலிருந்த 31 பேரில் 17 பேர் இறந்தனர். கடும் இடிமழை எச்சரிக்கை வண்டி நீரில் இறங்குவதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கூரைகளை அகற்றுவது சட்டத்தின் கட்டாயமானது அதற்கும் சில ஆண்டுகளுக்குப் பின்னரே. இரண்டு விபத்துகளுக்கும் இடையில் 19 ஆண்டுகள் கடந்தும் பரிந்துரை ஏட்டிலேயே கிடந்தது. கேரளத்தில் ஒவ்வொரு பெருவிபத்துக்குப் பின்னும் நீதிபதியின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டிருப்பதையும், அதன் பின்னும் அடுத்த விபத்து நேர்ந்திருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

படகுக்கு வெளியே நிகழும் மூழ்கல்கள் தனித்தனியாக நேர்வதால் செய்தியாவது குறைவு. எண்ணிக்கையில் அவையே மிகுதி. இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் கூறுகின்றன. ஆழமான பகுதி, குளிக்கத் தடை என்ற பலகைகள் எத்தனை அடி ஆழம் என்பதையோ, ஏன் ஆபத்து என்பதையோ சொல்வதில்லை. பாசன ஏரியில் கோடையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் இடத்துக்கு இரண்டு அடி தள்ளி, மண் எடுத்த குழி ஆளுயரத்துக்கு இருக்கக்கூடும். கலங்கிய நீரில் விளிம்பு தெரியாது. திறந்த மதகின் வாயில் நீர் அமைதியாகத் தோன்றினாலும் அடியில் இழுப்பு கடுமையாக இருக்கும். மூழ்குபவர் கையை வீசிக் கூவுவார் என்ற நம்பிக்கையும் தவறு: மூச்செடுக்கவே வாய் போதாத நிலையில் குரல் எழாது, கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும், 20 முதல் 60 நொடிகளுக்குள் அவர் மூழ்கிவிடுவார். பக்கத்தில் நின்றவர்களே விளையாட்டு என்று எண்ணிவிடுவதற்குக் காரணம் இந்த மௌனம். குளிப்பவருக்கு மூழ்கலைத் தவிர வேறோர் ஆபத்தும் உண்டு. வெதுவெதுப்பான தேங்கிய நன்னீரில் வாழும் நெக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்று உண்டாக்கும் மூளைக்காய்ச்சல் கேரளத்தில் அண்மையில் உயிர்களைப் பறித்திருப்பதால், குளத்தில் குதிக்கும்போது மூக்கைக் காத்துக்கொள்ளும் அறிவுரையும் இப்போது விதிகளோடு சேர்ந்துள்ளது. குடித்தால் தொற்றாத ஒரு நோய்க்கு இந்த அறிவுரை புதிதாகத் தோன்றினாலும் பொருத்தமானதே.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் வினா, ஒரு சவாரியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. சர்வே செய்யும் அலுவலர் ஆண்டில் ஒரு நாள் படகைப் பார்க்கிறார். எல்லா நாளும் பார்க்கும் சாரங்கு, அதாவது படகைச் செலுத்துபவர், குத்தகைதாரரிடமோ சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடமோ சம்பளம் வாங்குபவர். வார இறுதியின் வசூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆளை இறக்கிவிட்டால் பயணியும் சண்டைக்கு வருவார். ஆகவே எண்ணிக்கை, காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றிலும் முடிவு ஒருவருடைய மனவலிமையைச் சார்ந்திராமல், அளக்கக்கூடிய ஓர் எல்லையைச் சார்ந்திருக்கும்போதே அது நிலைக்கிறது. படகின் வெளிப்பக்கத்தில் வரையப்பட்ட சுமைக்கோடு அத்தகைய எல்லை; கோடு நீரில் மறைந்தால் ஆள் மிகுதி என்பது கரையில் நிற்பவருக்கும் தெரியும். ஆட்கள் ஏறி முடித்ததும் தலை எண்ணி, எண்ணிக்கையைக் கரையில் இருக்கும் வேறொருவர் ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டபின் கயிற்றை அவிழ்ப்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் பெரும் செலவு இல்லை.

இத்தகைய விதி தமிழ்நாட்டுக்குப் புதியதும் அன்று. ஏரியாக அல்லாமல் ஆறாக இருந்தாலும் ஒகேனக்கல்லை இங்கே ஒப்பிடுவது பொருந்தும். கர்நாடக அணைகளிலிருந்து வரும் காவிரி நீரைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. வினாடிக்கு இத்தனை கனஅடி என்ற அளவு உயர்ந்ததும் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது, நீர்வரத்து குறைந்ததும் தடையை விலக்குகிறது. பரிசல் ஓட்டிகளுக்கு அந்த நாட்களில் கூலி இல்லை என்ற குறை நெடுநாளாக உள்ளது, அது நியாயமான குறையும்கூட. ஆனால் பயணியோடு வாக்குவாதம் செய்யும் வேலை அவர்களுக்கு இல்லை. தடை அறிவித்த காலையில் பேருந்தைவிட்டு இறங்கி வருபவர் எந்தப் பலகையையும் படிக்க வேண்டியதில்லை. கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பரிசல்களைத் தொலைவிலிருந்து பார்த்தவுடனேயே மீன் வறுக்கும் கடைகளின் பக்கம் திரும்பிவிடுகிறார்.